சோலை எரிந்ததற்கு நான் எழுதிய இரண்டு காரணங்கள்

காட்டு இலாகாவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிகள் சிலர் போன வாரம் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். தீ அறிக்கையில் ‘காரணம்’ என்று இருக்கிற இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்டார்கள். எங்கள் காலத்திலும் அந்த இடம் இருந்தது. அதை நிரப்ப எங்களிடம் ஒரு சுலபமான வழியும் இருந்தது. ‘மூங்கில் உரசித் தீப்பிடித்தது’ என்று எழுதிவிடுவோம். மூங்கிலைக் கோர்ட்டுக்கு இழுக்க முடியாது. அது மறுத்துப் பேசவும் செய்யாது. மூங்கில் ஒரு குத்துகூட இல்லாத மலையில் மூங்கில் உரசித் தீப்பிடித்ததாக ஒரு பாரஸ்ட் கார்டு எழுதினார். ரேஞ்சர் கையெழுத்துப் போட்டார். மேலே போயும் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அப்படி எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்கு இளக்காரம். நான் உண்மையைக் கண்டுபிடிக்கிறவன் என்று எனக்குள் ஒரு மிதப்பு. அந்த மிதப்பில் ஒரு மனிதரை ஜெயிலுக்கு அனுப்ப இருந்தேன். தம்பிகளிடம் நேரில் சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

இரண்டாம் உலக யுத்த காலம் அது. நான் நாமக்கல்லில் பாரஸ்டராக இருந்தேன். கொல்லிமலையில் ஒரு பகுதி என் பொறுப்பு. பெட்ரோல் கண்ணில் படாத காலம் என்பதால் பஸ்கள் கரியில் ஓடின. வண்டியின் பின்னால் ஓர் ஆள் உயரத்துக்கு இரும்புப் பீப்பாய் ஒன்றைப் பொருத்தியிருப்பார்கள். அதில் கரியைப் போட்டுப் புகைய விட்டால் அந்தப் புகையில் எஞ்சின் ஓடும். ஓடும் என்றுதான் பேர். ஏற்றம் வந்தால் பயணிகள் இறங்கித் தள்ள வேண்டும்.

இதனால் கரிக்கு ஏகக் கிராக்கி. அடிவாரத்துக் காடு போதவில்லை என்று மலைமேல் சோலை ஓரத்திலேயே மரம் வெட்டி, குழியில் அடுக்கி மண் மூடிப் புகைய விடும் கரிமூட்டம் போட ஒரு குத்தகைக்காரருக்கு அனுமதி கிடைத்தது. வேலை முடிந்து, மூட்டத்தைப் பிரித்துக் கரியை இறக்கிய பிறகு, குழிகள் முழுக்க அணைந்துவிட்டனவா என்று பார்த்துச் சான்று தர வேண்டியவன் நான். மாசி மாதக் கடைசியில் போய்ப் பார்த்தேன். புகை இல்லை. சாம்பலைக் காலால் மிதித்தேன். சூடு தெரியவில்லை. சான்றில் கையெழுத்துப் போட்டுவிட்டு இறங்கிவிட்டேன்.

சோலையைப் பற்றி ஒரு வார்த்தை. கீழே இருக்கிற முள்காடு வேறு, மலைமேல் இருக்கிற பசுங்காடு வேறு. சோலைக்குள் நடுப்பகலிலும் வெயில் தரையில் விழாது. உதிர்ந்த இலையை அள்ளினால் கை நனையும். சுற்றியுள்ள புல்வெளி எரிந்தால்கூடத் தீ சோலையின் ஓரம்வரை வந்து தானே அணைந்துபோகும். இடி விழுந்தாலும் கூடவே மழையும் விழும். அப்படிப்பட்ட காடு எரிய வேண்டுமென்றால் மனிதன் அதற்கு முன்கூட்டியே ஏதாவது செய்திருக்க வேண்டும். இதெல்லாம் எனக்கு அன்றே தெரியும். தெரிந்தும் என்ன பிரயோசனம்?

பங்குனிக் கடைசியில் அந்தச் சோலை பற்றிக்கொண்டது. இரண்டு நாள் பச்சைக் கொப்புகளால் அடித்தும், குறுக்கே பாதை வெட்டியும் ஒரு வழியாக அணைத்தோம். மலைக்காரர்கள் இருபது பேர் கூட நின்றார்கள். அவர்களில் ஒருவர் சடையன். நாற்பது வயது இருக்கும். தீயோடு மல்லுக்கட்டியதில் அவருடைய புருவம் கருகிப் போயிருந்தது.

தீ அணைந்த அன்றே ரேஞ்சர் வந்தார். காலம் கெட்ட காலம், சர்க்காரை எதிர்க்கிற கலகக்காரர்களின் வேலை என்று மேலே யாராவது நினைத்துவிட்டால் நம் தலை உருளும், யார் வைத்தது என்று இரண்டு நாளைக்குள் தெரிய வேண்டும் என்றார். மூங்கில் கதை இந்த முறை எடுபடாது என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

நான் சுற்றிப் பார்த்தேன். எரிந்த சோலைக்குக் கீழே, சரிவில், சடையனின் பட்டாக் காடு. சாமை விதைப்பதற்காகச் செடிகொடிகளை வெட்டிக் காய வைத்துக் கொளுத்தியிருந்தார். விசாரித்தேன். சோலை பற்றுவதற்கு நான்கு நாள் முன்னால் கொளுத்தியதாக அவரே ஒளிக்காமல் சொன்னார். தீ மேல்நோக்கித்தான் ஏறும். கீழே இவர் வைத்தார், மேலே சோலை எரிந்தது. கணக்கு நேராக விழுந்துவிட்டது என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. ‘காரணம்’ என்ற இடத்தில் சடையன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அன்று அவரை ‘வா, போ’ என்றுதான் பேசினேன். இன்று எழுதும்போது அப்படி எழுதக் கை வரவில்லை.

சேலத்தில் மாவட்ட அதிகாரி முன்னால் அவரை நிறுத்தி, அங்கிருந்து கோர்ட்டுக்கு அனுப்ப வேண்டும். மறுநாள் காலையில் மலையிறங்கி நாமக்கல்லில் கரி பஸ் ஏறினோம். சடையனின் மனைவி வெள்ளாயி யாரும் கூப்பிடாமலே கூட வந்தாள். வழி நெடுக அவள் என்னிடம் ஒன்றையேதான் திரும்பத் திரும்பச் சொன்னாள். மழை விழுந்த மறுநாள் விதைத்தாக வேண்டும், இவர் உள்ளே போய்விட்டால் ஏர் பிடிக்க ஆளில்லை, வருஷம் முழுக்கக் கஞ்சிக்கு வழியில்லை. இதைக் கோர்ட்டில் சொல் என்றேன். என்னமோ நான் பெரிய நியாயவான் மாதிரி.

புதுச்சத்திரம் தாண்டுவதற்குள் பஸ் இருமி இருமி நின்றுவிட்டது. டிரைவர் இறங்கிப் பின்னாலிருந்த பீப்பாயைத் திறந்து, உள்ளே இருந்த கரியையும் சாம்பலையும் வழித்துச் சாலையோரத்தில் கொட்டினார். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, மேலே நாலு கை மண்ணையும் வாரிப் போட்டார். புதுக் கரி போட்டுப் புகை வர அரைமணி நேரம் ஆகும் என்றார். பயணிகள் எல்லாரும் புளிய மரத்தடியில் உட்கார்ந்தோம்.

நான் சும்மா இருக்க முடியாமல், முழங்கால்வரை போட்டிருந்த காக்கி மேஜோட்டுக் காலுறையில் குத்தியிருந்த ஊசிப்புல் முட்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டுக்கொண்டிருந்தேன். முந்தின நாள் மலையில் சுற்றியபோது ஒட்டியவை. வெள்ளாயி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏனுங்க சாமி, அது எங்கீங்க ஒட்டுச்சு?” என்றாள்.

மலையில்தான், வேறெங்கே என்றேன்.

“எங்க காட்டுக்கும் சோலைக்கும் நடுவால ஒரு புல்லுக்காடு கெடக்குதுங்களே, அதுல ஏறித்தானுங்க மேல வந்தீங்க. எங்க தீ ஏறிப் போயிருந்தா அந்தப் புல்லு எப்படிங்க நிக்கும்? காலுல முள்ளு எப்படிங்க ஒட்டும்?”

எனக்குச் சுருக்கென்றது. உண்மையைச் சொன்னால் முதலில் வந்தது கோபம்தான். ஒரு மலைக்காரி எனக்குத் தீயைப் பற்றிப் பாடம் எடுக்கிறாளா என்று. வாயை மூடு என்று அதட்டினேன். அவள் வாயை மூடிக்கொண்டாள். ஆனால் கையிலிருந்த முள்ளை நான் கீழே போடவில்லை. அந்தப் புல்வெளி என் கண்முன்னே வந்து நின்றது. முழங்கால் உயரம், காய்ந்து மஞ்சளாக, ஒரு தாள்கூடக் கருகாமல். அதன் நடுவே நான் நடந்து போயிருக்கிறேன். எரிந்ததை மட்டும் தேடிக்கொண்டு போனவனுக்கு எரியாதது கண்ணில் படவில்லை.

அப்போதுதான் சாலையோரத்தில் சலசலப்பு. டிரைவர் தண்ணீர் ஊற்றி மண் போட்ட அந்தச் சாம்பல் குவியல் காற்றில் உயிர் பெற்றுவிட்டது. பக்கத்தில் ஒருவர் கடலைக்கொடியைக் காயப்போட்டிருந்தார். அதன் ஓரம் புகைந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே குப்பென்று பற்றியது. எங்களில் யாரும் எழுவதற்கு முன்னால் ஓடியவர் சடையன். வேப்பங்கொப்பு ஒன்றை ஒடித்து, காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து, எதிர்ப்பக்கமாகப் போய் நின்று அடித்தார். ஐந்து நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது. என் கைதி காவலில்லாமல் சாலைக்கு அந்தப் பக்கம் நிற்கிறார் என்பதே அதன் பிறகுதான் எனக்கு உறைத்தது. அவர் கொப்பைப் போட்டுவிட்டுத் தானாகத் திரும்பி வந்து மரத்தடியில் உட்கார்ந்தார்.

தண்ணீர் ஊற்றினீரே ஐயா என்று டிரைவரைக் கேட்டேன்.

“மேலால நனைஞ்சா செத்துப்போச்சுன்னு அர்த்தமுங்களா? கரி உள்ளுக்குள்ள உசுரோட இருக்குமுங்க. எங்க ஷெட்டுல மூணு நாள் கழிச்சுக்கூடப் புகைஞ்சிருக்குதுங்க,” என்றார்.

மாசிக் கடைசியில் நான் காலால் மிதித்துப் பார்த்த குழிகள் சோலைக்கு மேலே, மறுபக்கத்தில் இருந்தன. அவற்றைச் சுற்றி மரத்தை வெட்டி வானத்தைத் திறந்துவிட்டிருந்தோம். கொத்துக் கொத்தாக வெட்டிப் போட்ட கிளைகள் ஒரு மாத வெயிலில் காய்ந்து சருகாகிக் கிடந்தன. அங்கிருந்து தீ கிளம்பியிருந்தால் என் கணக்கு தலைகீழ். அதைவிட மோசம், காரணம் என்ற இடத்தில் வர வேண்டிய பெயர் என்னுடையது.

பஸ் கிளம்பியது. சேலம் போய்ச் சேர ஒரு மணி நேரம் இருந்தது. அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றித்தான் தம்பிகளே, உங்களிடம் முக்கியமாகச் சொல்ல வேண்டும். எனக்கு ஒரு நிரூபணமும் இல்லை. ஒரு முள், ஒரு சாம்பல் குவியல், அவ்வளவுதான். பேசாமல் இருந்தால் ரேஞ்சர் மெச்சுவார், கேஸ் முடியும், சான்று கொடுத்தவனை யாரும் தேட மாட்டார்கள். பேசினால் வேலைக்கே ஆபத்து. உத்தமன் மாதிரி உடனே முடிவெடுத்தேன் என்று சொன்னால் பொய். மல்லூர் வரைக்கும் பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அங்கே ஓர் ஏற்றத்தில் எல்லாரும் இறங்கி பஸ்ஸைத் தள்ளினோம். சடையன் என் பக்கத்தில் தோள் கொடுத்துத் தள்ளினார். தன்னை ஜெயிலுக்குக் கொண்டுபோகிற வண்டியை ஒருவர் அப்படி மனசாரத் தள்ளுவதைப் பார்த்த பிறகு என்னால் முடியவில்லை.

மாவட்ட அதிகாரி தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். கண்டிப்பானவர், நாக்கில் தேள். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். நான் கொடுத்த அறிக்கை தப்பு என்று நினைக்கிறேன், குழிகளைத் தோண்டிப் பார்க்க மூன்று நாள் வேண்டும் என்றேன். அவர் அறிக்கையைத் தூக்கிப் பிடித்து, இதில் இருப்பது யார் கையெழுத்து என்று கேட்டார். என்னுடையது என்றேன். மூட்டம் அணைந்ததென்ற சான்று யாருடையது என்றார். அதுவும் என்னுடையது என்றேன்.

“ரெண்டு கையெழுத்தில் எதை நம்பச் சொல்றீர்?” என்றார்.

இரண்டையும் நம்ப வேண்டாம் என்றேன். அவர் அறிக்கையை மேஜைமேல் போட்டார். பிறகு சடையனை ஜாமீனில் விடலாம், ஜாமீன் போட ஆள் யார் என்று கேட்டார். சேலத்தில் சடையனுக்கு யாரைத் தெரியும்? நான் போடுகிறேன் என்றேன்.

“பிடிச்சவனே ஜாமீன் போடறதை என் சர்வீஸில் இப்பத்தான் ஓய் பார்க்கறேன்,” என்று சொல்லிவிட்டு, பேனாவை என் பக்கம் தள்ளினார்.

மறுநாள் நானும் சடையனும் வெள்ளாயியும் மலை ஏறினோம். மலை ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டரையும் சாட்சிக்குக் கூப்பிட்டுக்கொண்டோம். குழிகள் இருந்த இடம் முழுக்கக் கறுப்பு. எங்கே என்னவென்று ஒன்றும் புரியவில்லை. நான் பூட்ஸ் காலோடு இங்கும் அங்கும் நடந்தேன், குச்சியால் கிளறினேன். எல்லாம் ஆறிக் கிடந்தது. ஒரு மணி நேரம் போயிற்று. ஒன்றும் கிடைக்காவிட்டால் சடையனும் போவார், நானும் போவேன்.

சடையன் பேசாமல் வெறுங்காலோடு குழிகளைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். அடி மேல் அடி வைத்து, கோழி இரை தேடுவது போல. ஓரிடத்தில் நின்றார். காலைத் தூக்கிப் பக்கத்தில் வைத்தார். மறுபடியும் அங்கேயே வைத்தார்.

“இங்க சுடுதுங்க,” என்றார்.

பூட்ஸைக் கழற்றிவிட்டு அங்கே நின்றேன். சுட்டது. மண்ணுக்கடியில் அடுப்பு எரிகிற மாதிரி ஒரு வெதுவெதுப்பு. மாசியில் நான் பூட்ஸ் காலால் மிதித்து, சூடு இல்லை என்று எழுதிய அதே குழியின் விளிம்பு அது.

தோண்டினோம். வெட்டிய மரத்தின் வேர் ஒன்று குழிக்குள் நீட்டிக்கொண்டிருந்திருக்கிறது. மூட்டத்துத் தீ அந்த வேரைப் பிடித்துக்கொண்டு, மண்ணுக்கடியிலேயே ஒரு மாதமாகத் தின்றுகொண்டு போயிருக்கிறது. வேர் இருந்த இடத்தில் கை நுழைகிற அளவுக்கு ஒரு பொந்து, சுவரெல்லாம் வெள்ளைச் சாம்பல். அந்தப் பொந்து போய் முடிந்த இடம், காய்ந்த கிளைகளைக் குவித்திருந்த இடம். அங்கிருந்துதான் சோலை பற்றியிருக்கிறது. ஊர்க்கவுண்டர் குனிந்து பார்த்துவிட்டு, “தடம் போட்டாப்பல இருக்குதுங்க,” என்றார்.

என் தப்பு ஊர்ஜிதமானதற்கு நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது அந்த ஒரு தடவைதான். ஆனால் சடையன் இன்னும் எழுந்திருக்கவில்லை. பொந்துக்குள் ஒரு குச்சியை விட்டு, இன்னொரு பக்கம் துழாவிக்கொண்டிருந்தார். குச்சியை வெளியே இழுத்தபோது நுனி சிவந்திருந்தது. வேர் இரண்டாகப் பிரிந்திருக்கிறது. ஒரு கிளை எரிந்து முடிந்துவிட்டது. மற்றொன்று எரியாமல் தப்பிய சோலைப் பக்கமாக இன்னும் உயிரோடு போய்க்கொண்டிருந்தது. நாங்கள் வராமல் இருந்திருந்தால் இன்னும் பத்து நாளில் மிச்சச் சோலையும் போயிருக்கும். அதற்கும் நான் யாராவது ஒருவரைப் பிடித்திருப்பேன்.

வெள்ளாயி ஊருக்கு ஓடிப்போய் ஆட்களையும் குடங்களையும் கொண்டுவந்தாள். ஓடையிலிருந்து தண்ணீர் சுமந்து, பள்ளம் வெட்டி, அந்த வேரின் கடைசி நுனிவரை தோண்டி எடுத்தோம். பொழுது சாய்வதற்குள் முடிந்துவிட்டது. நான் சடையனிடம் மன்னிப்புக் கேட்டேன். அந்தக் காலத்தில் ஒரு பாரஸ்டர் அப்படிக் கேட்பது வழக்கமில்லை. எனக்கும் சரியாகக் கேட்க வரவில்லை, ஏதோ குளறினேன். அவர் மண்வெட்டியில் ஒட்டிய சேற்றை வழித்துக்கொண்டிருந்தார். வெள்ளாயிதான் சொன்னாள்: “கேட்டதெல்லாம் சரிங்க சாமி. அந்தக் காயிதத்துல எங்க பேரு இன்னும் இருக்குதுங்களே, அதை மொதல்ல எடுங்க.”

அன்றே உட்கார்ந்து புது அறிக்கை எழுதினேன். காரணம்: சோலை ஓரத்தில் மரம் வெட்டியதால் தரை காய்ந்தது, கரிமூட்டம் முழுமையாக அணைக்கப்படவில்லை. அணைந்ததாகத் தவறான சான்று அளித்தவர் என்று போட்டு, என் பெயரை எழுதினேன். சடையன் பெயரை எழுத எனக்கு அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது. என் பெயரை எழுத இரண்டு நாள் பிடித்திருக்கிறது.

நீங்கள் காடு பார்க்கப் போகும்போது எரிந்த இடத்தை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். பக்கத்தில் எரியாமல் நிற்கிறதே, அது ஏன் எரியவில்லை என்று பாருங்கள். அணைந்த மூட்டத்தைச் சரிபார்க்கப் போனால் பூட்ஸைக் கழற்றிவிட்டு நடங்கள். நான் ஓய்வு பெறுகிறவரைக்கும் அப்படித்தான் நடந்தேன். கேலி செய்தவர்கள் உண்டு. ‘காரணம்’ என்ற இடத்தில் ஒருவர் பெயரை எழுதுமுன் உங்கள் பெயரை ஒரு தடவை அங்கே வைத்துப் பாருங்கள். பொருந்தவில்லை என்று தெரிந்த பிறகு அடுத்தவரிடம் போகலாம்.

மூன்றாம் நாள் நான் மட்டும் சேலம் போனேன். அதிகாரி என் அறிக்கையை இரண்டு தடவை படித்தார். சடையன் மேலிருந்த கேஸை ரத்துச் செய்து எழுதினார். சோலை ஓரத்தில் இனி மூட்டம் போட அனுமதியில்லை என்று ஒரு உத்தரவும் போட்டார். எனக்குச் சர்வீஸ் புத்தகத்தில் ஒரு கறுப்புப் புள்ளி, ஆத்தூர் மரக் கிடங்குக்கு மாற்றல். கட்டை அளந்துகொண்டு கிடும், அங்கே நீர் ஒன்றும் கொளுத்த முடியாது என்றார். வேலை போகவில்லையே என்று கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்தேன்.

பஸ் நிலையத்தில் வெயில் கொளுத்தியது. நாமக்கல் பஸ் அப்போதுதான் வந்து நின்றது. சேலத்தில் ஒரு பொட்டு மழை இல்லை. ஆனால் அந்த பஸ்ஸின் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சக்கரமெல்லாம் சேறு. எங்கே நனைந்தீர்கள் என்று கண்டக்டரைக் கேட்டேன்.

“நாமக்கல்லு தாண்டுனதும் புடிச்சுதுங்க, மல்லூரு வரைக்கும் விடலீங்க. கொல்லிமலைப் பக்கம் விடியக்காலத்துல இருந்தே ஊத்துதுங்களாமா. மலையே தெரியலீங்க,” என்றார்.

நாளைக்குச் சடையன் ஏர் பிடிப்பார். அதை நினைத்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையில் மாற்றல் உத்தரவை வைத்துக்கொண்டு நடு பஸ் நிலையத்தில் நின்று சிரித்தேன். கண்டக்டர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்து, கையிலிருந்த உத்தரவில் கண்ணை ஓட்டிவிட்டு, ஆத்தூர் பஸ் அந்தக் கடைசியில் நிற்கிறது என்று கையைக் காட்டினார்.